ஒரு சண்டை பத்து எபிசோட் ஓடுது, இதுல கதை எங்க இருக்கு?

கேள்வி இதுதான்: "பிரண்ட்ஸ் எல்லாரும் அனிமே அனிமேன்னு உயிர விடுறாங்க. நானும் நருட்டோ 30 எபிசோட் பாத்தேன், டிராகன் பால் கொஞ்சம் பாத்தேன். ஒருத்தன் ஒரு குத்து விடுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசுறான், ஒரு சண்டை வாரக்கணக்கா போகுது. உண்மையிலேயே இவங்க நல்லா கதை சொல்றாங்களா, இல்ல படம் அழகா இருக்குன்னு பாக்குறீங்களா?"

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன். நான் 20 வருஷத்துக்கு மேல பாத்துட்டு இருக்கேன், அதுல பாதி நேரம் கோவத்தோடதான் பாத்துருக்கேன், அதனால உங்க குறைய மறுக்கப் போறதில்ல. அது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா நீங்க எத குறைன்னு சொல்றீங்களோ, அந்த இழுவை, அந்த நிறுத்தல், அது வந்த எடத்துலேர்ந்துதான் அனிமேயோட, அதாவது ஜப்பான் கார்ட்டூனோட, பெரிய பலமும் வந்துச்சு. நேரத்த எப்படி செலவு பண்றதுங்கிற விஷயத்துல உலகத்துல வேற எந்த கார்ட்டூன்காரங்களும் இவங்க அளவுக்கு யோசிச்சதில்ல, அதே நேரம் இவங்க அளவுக்கு பாக்குறவன் நேரத்த வீணடிச்சதும் இல்ல. (ஸ்பாய்லர் நெறைய வரும், பாக்காதது இருந்தா அந்த பாராவ தாண்டிடுங்க.)

முதல்ல இது எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சிக்கணும். 1963 ஜனவரி 1ஆம் தேதி ஒசாமு தெசுகாவோட ஆஸ்ட்ரோ பாய் புஜி டிவில வருது. வாரத்துக்கு ஒரு அரை மணி நேர எபிசோட், எல்லாம் கையால வரையணும், கைல காசும் இல்ல ஆளும் இல்ல. சினிமாவுக்கு ஒரு செகண்டுக்கு 24 பிரேம் வேணும், டிஸ்னி மாதிரி ஆளுங்க அதுக்கு 12லேர்ந்து 24 படம் வரைவாங்க. தெசுகா டீம் ஒரே படத்த மூணு பிரேமுக்கு வச்சு ஓட்டுனாங்க, அதாவது செகண்டுக்கு 8 படம், பல எடத்துல அதுவும் கிடையாது, ஒரே படம் அப்படியே நிக்கும், வாய் மட்டும் அசையும், இல்லன்னா படத்து மேல கேமரா மெதுவா நகரும். ஒரு தடவ வரைஞ்சத பத்திரமா எடுத்து வச்சு அடுத்தடுத்த எபிசோட்ல திருப்பி போடுவாங்க.

இது வறுமைல கண்டுபிடிச்ச வழி. ஆனா அசைவு இல்லன்னா பாக்குறவன எதால உக்கார வைக்கிறது? ஷாட் எங்க வெட்டுறது, மூஞ்சிய எவ்ளோ நேரம் காட்டுறது, எப்ப சத்தத்த நிறுத்துறதுன்னு அங்க கவனம் போச்சு. ஒசாமு தெசாகினு ஒரு டைரக்டர், 1970ல அஷிடா நோ ஜோங்கிற குத்துச்சண்டை சீரிஸ் பண்ணவர், பின்னாடி உச்சக்கட்டத்துல அசைவ நிறுத்திட்டு அந்த பிரேம ஓவியம் மாதிரி கோடு கோடா தீட்டி உறைய வைக்கிறத தன்னோட முத்திரையாவே ஆக்கிட்டாரு. குத்துச்சண்டைக்காரன் அடி வாங்குற அந்த ஒரு செகண்ட் அப்படியே நிக்கும்போது நம்ம மனசுல அது அஞ்சு செகண்டா ஓடும். இன்னிக்கும் ஏதாவது அனிமேல அழுற மூஞ்சி திடீர்னு ஓவியமா மாறி நின்னா அது அவர்கிட்டேர்ந்து வந்த சொத்து.

எவாஞ்செலியன் இன்னும் ஒரு படி மேல போச்சு. 1995 அக்டோபர்லேர்ந்து 1996 மார்ச் வரைக்கும் 26 எபிசோட், ஹிடெயாகி அன்னோ டைரக்‌ஷன். 22ஆவது எபிசோட்ல ரெய், அஸ்கான்னு ரெண்டு பொண்ணுங்க ஒரே லிப்ட்ல நிப்பாங்க. ஏறக்குறைய ஒரு நிமிஷம், ஒரே படம், யாரும் அசைய மாட்டாங்க, ஒரு வார்த்த கிடையாது, லிப்ட் ஓடுற சத்தம் மட்டும். 24ஆவது எபிசோட்ல ஹீரோ ஷின்ஜி ஓட்டுற ராட்சச ரோபோவோட கை அவன் நண்பன் கவோருவ புடிச்சிட்டு இருக்கும், பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி ஓடும், படம் அப்படியே நிக்கும், ஷின்ஜி அமுக்குவானா மாட்டானான்னு நாம மூச்சு விடாம பாத்துட்டு இருப்போம். காசு மிச்சம் ஆச்சா, ஆச்சு. ஆனா அந்த பையன் முடிவெடுக்க முடியாம தவிக்கிற நேரத்த வெட்டாம முழுசா நம்மள அனுபவிக்க வச்சாங்க பாருங்க, அதுதான் கதை சொல்றது. அதே எவாஞ்செலியன் கடைசி ரெண்டு எபிசோட்ல வெளி உலகக் கதைய அப்படியே விட்டுட்டு ஷின்ஜி மனசுக்குள்ள போய் போட்டோவும் கோட்டுப் படமுமா முடிச்சதுல ஜப்பான்ல ஏகப்பட்ட ரசிகர்கள் கொதிச்சாங்க, 1997ல தனியா ஒரு படம் எடுத்துதான் வெளிய என்ன நடந்துச்சுன்னு காட்டுனாங்க. எனக்கு அந்த ரெண்டு எபிசோட் புடிக்கும், ஆனா கோவப்பட்டவங்க தப்புன்னு சொல்ல மாட்டேன்.

காசு இருந்தவங்களும் இதையே வேற விதமா செஞ்சாங்க. டைரக்டர் மியாசாகி ஒரு பேட்டியில அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்கிட்ட கைய மூணு நாலு தடவ தட்டிக் காட்டி, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல இருக்குற அந்த வெறும் நேரத்துக்கு ஜப்பான்ல "மா"னு பேருன்னு சொன்னாரு. அவரோட ஸ்பிரிட்டட் அவேல (2001, ஆஸ்கர் வாங்குனது) முகமில்லாத அந்த உருவம் குளியல் வீட்ட ரகளை பண்ணி முடிச்ச உடனே என்ன வருது? ஒரு ரயில். தண்ணி மேல போற ரயில். சிஹிரோ ஜன்னலோரமா உக்காந்துருப்பா, பக்கத்துல அந்த உருவம் அமைதியா உக்காந்துருக்கும், நெழலா பயணிங்க ஏறுவாங்க எறங்குவாங்க, பொழுது சாயும். கதைப்படி பாத்தா அங்க "ஒன்னுமே" நடக்கல. ஆனா அந்த ரெண்டு மூணு நிமிஷத்துலதான் அவ கொழந்தைலேர்ந்து பெரியவளா ஆகுறா, அத யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. டொட்டோரோல (1988) மழைல அப்பாவுக்காக பஸ் ஸ்டாப்ல காத்திருக்குற சீனும் இப்படித்தான், முதுகுல தங்கச்சி தூங்கிட்டு இருப்பா, கொடை மேல சொட்டு விழுற சத்தம், பக்கத்துல அந்த பெரிய மிருகம் வந்து நிக்குது. மொத்த படத்துலயும் வில்லனே கிடையாது, யாரும் யாரையும் தோக்கடிக்கல, இருந்தும் ஒரு எடத்துலயும் போரடிக்காது.

அதே டொட்டோரோவோட சேத்து ஒரே டிக்கெட்ல 1988 ஏப்ரல்ல ரிலீஸ் ஆனதுதான் தகஹாட்டாவோட கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ். முதல் வசனத்துலயே அந்த பையன் தான் எந்த தேதில செத்தேன்னு சொல்லிடுறான், 1945 செப்டம்பர் 21. ரயில்வே ஸ்டேஷன்ல பசியோட கெடந்து சாகுறான், அவன்கிட்ட இருந்த மிட்டாய் டப்பாவ ஒருத்தர் எடுத்து தூக்கி எறியிறாரு, அதுலேர்ந்து சின்னதா எலும்புத் துண்டு விழுது. முடிவு என்னன்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே சொல்லியாச்சு. அதுக்கப்புறம் அந்த தங்கச்சி அந்த டப்பாலேர்ந்து மிட்டாய் எடுத்து சாப்புட்டு சிரிக்கிற ஒவ்வொரு சீனும் நமக்கு தாங்க முடியாம போகுது. என்ன ஆகுமோங்கிற பதட்டத்த எடுத்துட்டு, ஆகப்போறது தெரிஞ்சும் பாத்துட்டு இருக்குற வலிய வச்சாரு. நான் இத ரெண்டு தடவதான் பாத்துருக்கேன், மூணாவது தடவ பாக்க தைரியம் வரல.

சமீபத்துல வந்ததுல ஃபிரீரன். முதல் சீசன் 2023 செப்டம்பர்லேர்ந்து 2024 மார்ச் வரைக்கும் 28 எபிசோட். வேற யாரா இருந்தாலும் கிளைமாக்ஸா வைக்கிற விஷயம், ராட்சச ராஜாவ கொன்னுட்டு வீரனுங்க ஊர் திரும்புறது, அதுல கதை ஆரம்பிக்குது. ஃபிரீரன் ஆயிரம் வருஷம் வாழுற இனம், அவளுக்கு அந்த பத்து வருஷப் பயணம் ஒரு வார டூர் மாதிரி. 50 வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற எரிகல் மழைய அடுத்த தடவ சேந்து பாப்போம்னு சாதாரணமா சொல்லிட்டு போயிடுறா. திரும்பி வந்தா கூட வந்த வீரன் ஹிம்மெல் கெழவன் ஆயிட்டான். சேந்து பாக்குறாங்க, அவன் செத்துப் போறான், அடக்கம் பண்ற எடத்துல நின்னுட்டு இவனப் பத்தி நான் எதையுமே தெரிஞ்சிக்கலையேன்னு மொத தடவையா அழுறா. இவ்ளோவும் ஒரே எபிசோட்ல. 50 வருஷம் ஒரு கட்ல போகுது, அப்புறம் மீதி 27 எபிசோட் அந்த ஒரு கட்டுக்கு விலை குடுக்குது. மனுஷன் நேரம் எவ்ளோ கம்மிங்கிறத வசனத்துல இல்லாம எடிட்டிங்லயே சொன்ன சீரிஸ் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

இன்னொரு பலம் நெறைய பேர் கவனிக்காதது. வரைஞ்ச படத்துல கனவு, ஞாபகம், நெசம் மூணும் ஒரே பென்சில்ல வரைஞ்சதுதான். நெஜ ஆள வச்சு எடுக்குற சினிமாவுல கனவு சீன் வந்தா லைட்டிங் மாத்தி புகை போட்டு காட்டிக் குடுத்துருவாங்க, இங்க அந்த தடயமே இருக்காது. டைரக்டர் சடோஷி கோன் இத வச்சு விளையாடுனவரு. பெர்ஃபெக்ட் ப்ளூல (1997) எது ஷூட்டிங், எது அவ வாழ்க்க, எது அவ மண்டைல ஓடுறதுன்னு அந்த பொண்ணுக்கு கொழம்புற அதே வேகத்துல நமக்கும் கொழம்பும். மில்லெனியம் ஆக்ட்ரஸ்ல (2001) ஒரு வயசான நடிகை பேட்டி குடுக்குறா, அவ கதவத் தெறந்தா அந்தப் பக்கம் அவ நடிச்ச படம், ஓட ஆரம்பிச்சா போர்க்காலம், விழுந்து எந்திரிச்சா எதிர்காலம், மொத்தமே 87 நிமிஷம். அதுக்குள்ள ஒரு ஆயுசு முழுக்க ஓடி முடிச்சிடுவா. அவரு 2010ல 46 வயசுல போய் சேந்துட்டாரு, அது இந்த கலைக்கு பெரிய நஷ்டம்.

எ சைலன்ட் வாய்ஸ்ல (2016, நவோகோ யமடா) பாருங்க, சின்ன வயசுல காது கேக்காத பொண்ண கொடும பண்ண பையன் பெரியவனானப்புறம் யார் மூஞ்சியையும் பாக்க முடியாம நடப்பான், அதனால எல்லார் மூஞ்சி மேலயும் பெருக்கல் குறி மாதிரி ஒரு ஸ்டிக்கர். யாராவது நெருங்கி வந்தா அவங்க மூஞ்சிலேர்ந்து அது உரிஞ்சு விழும். கடைசில மொத்த கூட்டத்து மேலேர்ந்தும் விழும்போது அவனுக்கு எல்லா சத்தமும் ஒன்னா கேக்கும். நாலு பக்கம் வசனம் பேசி சொல்ல வேண்டியத இப்படி சொல்லிட்டாங்க.

சரி, இப்ப உங்க வலிக்கு வரேன். டிராகன் பால் இசட்ல வில்லன் ஃபிரீசா இந்த கிரகம் இன்னும் அஞ்சு நிமிஷத்துல வெடிச்சிரும்னு சொல்லுவான். அந்த அஞ்சு நிமிஷம் பத்து எபிசோட் கிட்ட ஓடும்! ஏன்? மூலக்கதையான மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) வாராவாரம் சுமார் 20 பக்கத்துக்குள்ளதான் வரும், அனிமேயும் வாராவாரம் வரணும், 20 நிமிஷம் அனிமேக்கு ஒரு வாரப் பக்கம் பத்தாது, அனிமே சீக்கிரமே மங்காவ புடிச்சிரும். நிறுத்திட்டு அடுத்த வருஷம் வரலாம்னா டிவி ஸ்லாட் போயிரும், ஸ்பான்சர் போயிருவான், பொம்ம விக்காது. அதனால முறைக்கிறது, கத்துறது, காத்து அடிக்கிறது, பக்கத்துல நிக்கிறவன் வாயப் பொளந்து பாக்குறது, போன வார எபிசோட்லேர்ந்து நாலு நிமிஷம். 2009ல அவங்களே இத வெட்டி டிராகன் பால் காய்னு சுருக்கி விட்டாங்க, அதவிட பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டாம்.

நருட்டோ வேற வழில போச்சு, மங்கால இல்லாத கதைய தாங்களே எழுதி நடுவுல சொருகுறது, அதுக்குத்தான் பில்லர்னு பேரு. முதல் சீரிஸ் 220 எபிசோட், அதுல 135க்கு அப்புறம் கிட்டத்தட்ட எல்லாமே பில்லர்தான். ஒரு வருஷத்துக்கு மேல! நருட்டோவோட நண்பன் சாசுகே ஊர விட்டுப் போய்ட்டான், நருட்டோ நெஞ்சுலயே ஓட்ட போட்டுட்டான், நாம பதறிட்டு இருக்கோம், இவங்க சம்பந்தமே இல்லாத கதை சொல்றாங்க. ஒன் பீஸ்ல பில்லர் கம்மி, ஆனா டிரெஸ்ரோசா ஆர்க் (ஆர்க்னா பெரிய கதைக்குள்ள ஒரு பகுதி) மட்டும் 118 எபிசோட், பல எபிசோட்ல மங்காவோட ஒரு அத்தியாயம் கூட முழுசா இருக்காது. ஒன் பீஸ் மங்காகாரர் ஓடா எழுதுன கதைல இருக்குற வேகம் டிவில செத்துப் போச்சு, அது அவர் தப்பு இல்ல. இப்பல்லாம் 12, 13 எபிசோட் சீசனா பிரிச்சு நடுவுல வருஷக்கணக்குல இடைவெளி விடுறாங்க, அதனால இந்த வியாதி ரொம்ப கொறஞ்சிருக்கு.

ஆனா "இழுத்தாலே மோசம்"னு முடிவு பண்ணாதீங்க, இங்கதான் நான் சொல்ல வந்ததே இருக்கு. ஹன்டர் x ஹன்டர் (2011, 148 எபிசோட்) சிமேரா ஆன்ட் ஆர்க்ல அரண்மனைக்குள்ள புகுற கட்டம் வரும். கதைல ஓடுற நேரம் ரொம்ப கம்மி, சில எபிசோட்ல சில நிமிஷம், சில எடத்துல சில செகண்டுதான், அதுக்கு எபிசோட் எபிசோடா ஓட்டுவாங்க, பின்னாடி ஒருத்தர் குரல் விளக்கிட்டே வருவாரு. கேக்க ஃபிரீசாவோட அஞ்சு நிமிஷம் மாதிரியே இருக்குல்ல? ஆனா இங்க அந்த ஒவ்வொரு செகண்டுலயும் யாராவது ஒருத்தன் ஒரு முடிவு எடுக்குறான், தப்புக் கணக்கு போடுறான், பயந்து ஒரு அடி பின்னாடி வைக்கிறான், அந்த ஒரு அடியால இன்னொருத்தன் திட்டம் மாறுது. பாதி பேர் அப்பதான் எதிரி ராஜா மெருயெம் அவங்க நெனச்ச மாதிரி இல்லன்னு கண்டுபிடிக்கிறாங்க, ஏன்னா அவன் காயம்பட்ட ஒரு பார்வையில்லாத பொண்ண காப்பாத்தச் சொல்லிட்டு இருக்கான். மனுஷன தின்னு பொறந்த ராஜா, கொமுகிங்கிற அந்த பொண்ணுகிட்ட குங்கினு ஒரு பலகை ஆட்டத்துல ஒரு தடவ கூட ஜெயிக்கல. கடைசில விஷம் ஏறி கண்ணு தெரியாம போய், இருட்டுல அவளோட ஆடிக்கிட்டே, இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே சாவான். திரை முழுக்க கருப்பு, குரல் மட்டும். 61 எபிசோட் ஆர்க் அது, நடுவுல சலிப்பு வரும், ஒத்துக்கிறேன். ஆனா அந்த நீளம் இல்லன்னா அந்த கருப்புத் திரைல நீங்க அழ மாட்டீங்க.

நீளத்த நல்லா செலவு பண்ண இன்னொன்னு வின்லாண்ட் சாகா. முதல் சீசன் (2019) முழுக்க டோர்ஃபின் அப்பாவ கொன்னவன பழி வாங்கணும்னு வெறியா அலைவான். 24 எபிசோட் ஓடி அந்த பழி அவன் கைல கெடைக்காம போயிரும், வேற ஒருத்தன் கொன்னுட்டான். ரெண்டாவது சீசன்ல (2023) வெறும் கூடா ஆயிட்ட அவன் ஒரு பண்ணைல அடிமை, காடு வெட்டி வேர் புடுங்கி கோதும வெதைக்கிறான். சண்ட பாக்க வந்தவங்க நெறைய பேர் திட்டிட்டு போனாங்க. எனக்கு அந்த சீசன்தான் உசத்தி. முதல் சீசன்ல கத்தியோட பறந்தவன், ரெண்டாவது சீசன் கடைசில ஒருத்தன் கூட பேச அனுமதி கெடைக்கணும்னு 100 குத்து வாங்கிட்டு நிக்கிறான், திருப்பி அடிக்கல. அந்த மாற்றம் ரெண்டு மணி நேர படத்துல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

இழுவைக்கு அப்புறம் என்னை ரொம்ப எரிச்சல் ஆக்குறது விளக்கம். மங்கால ஒருத்தன் மனசுல நெனைக்கிறது குமிழிக்குள்ள எழுதியிருக்கும், கண்ணு ஒரு செகண்ட்ல படிச்சிட்டு தாண்டிரும். அத அப்படியே அனிமேல வசனமா படிச்சா, வாள் அந்தரத்துல நிக்க அவன் 40 செகண்ட் பேசுற மாதிரி ஆயிரும். டீமன் ஸ்லேயர்ல இது ரொம்ப. யூஃபோடேபிள் ஸ்டுடியோ ஆளுங்க தண்ணியும் நெருப்பும் அவ்ளோ அழகா வரைஞ்சு காட்டுறாங்க, எல்லாமே கண்ணுல தெரியிது, அப்பவும் ஹீரோ டான்ஜிரோ அவன் வேகமா வர்றான், என் கை நடுங்குது, இந்த வாசம் வருதுன்னு சொல்லிட்டே இருப்பான். படத்த நம்புங்கப்பா, பாக்குறவனையும் நம்புங்க!

அதே டீமன் ஸ்லேயரோட இன்ஃபினிட்டி கேஸில் 2025 செப்டம்பர்ல இங்க தமிழ் டப்போட தியேட்டருக்கே வந்துச்சு, பாத்துருந்தீங்கன்னா நான் சொல்ற பலம் கொறை ரெண்டுமே 155 நிமிஷத்துக்குள்ள கெடச்சிருக்கும். வில்லன் அக்காசாவோட பழைய கதை இருக்கே, நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்க திருடுறவன், மகன் இப்படி ஆயிட்டானேன்னு அப்பா தூக்குல தொங்குறாரு, அப்புறம் ஒரு வாத்தியாரும் அவர் பொண்ணும் அவனுக்கு ஒரு வாழ்க்கை குடுக்குறாங்க, கெணத்துல விஷம் கலந்து அவங்களையும் கொன்னுடுறாங்க. இத ஆரம்பத்துல சொல்லாம, அவன் தலை போனப்புறம், இனி இவன் செத்தா போதும்னு நாம பல்ல கடிச்சிட்டு இருக்கும்போது சொல்றாங்க, வெறுப்பு அப்படியே எறங்கிப் போயிருது. எதிராளியையும் ஒரு தாய் புள்ளயா காட்டாம சாகடிக்க மாட்டோம்ங்கிற இந்த பிடிவாதம் எனக்கு அனிமேல ரொம்ப புடிச்ச குணம். ஆனா அதே படத்துல ஷினோபு சண்டைக்கு நடுவுல ஒரு பிளாஷ்பேக், ஜெனிட்சு சண்டைக்கு நடுவுல ஒரு பிளாஷ்பேக், டீவி எபிசோடா வாராவாரம் பாத்தா தெரியாது, ஒரே மூச்சுல பாக்கும்போது அடி, பிளாஷ்பேக், அடி, பிளாஷ்பேக்னு அச்சு தெரிஞ்சிருது. வாராவாரம் வந்த மங்காவோட எலும்புக்கூடு சினிமாவுக்குள்ள துருத்திட்டு நிக்கிது.

முடிவு இல்லாத பிரச்சனை ஒன்னு இருக்கு, அதுக்கு காரணம் காசு. நெறைய அனிமேக்கு பதிப்பகம், டிவி, மியூசிக் கம்பெனி, பொம்ம கம்பெனி எல்லாம் சேந்து ஒரு கமிட்டி போட்டு பணம் போடுறாங்க. பதிப்பகத்துக்கு மங்கா வித்தா போதும், அதனால 12 எபிசோட் விளம்பரம் மாதிரி ஓட்டி, சூடு புடிக்கிற எடத்துல நிறுத்திருவாங்க, மிச்சத்த புஸ்தகம் வாங்கி படிச்சிக்கோ. இல்லன்னா தி ப்ராமிஸ்ட் நெவர்லாண்ட் மாதிரி. முதல் சீசன் (2019) 12 எபிசோட், ஒரு அனாத விடுதிலேர்ந்து கொழந்தைங்க தப்பிக்கிறது, ஒரு கதவு சத்தத்துக்கு நெஞ்சு அடிச்சிக்கும், அவ்ளோ இறுக்கமான எழுத்து. ரெண்டாவது சீசன் (2021) 11 எபிசோட்ல மங்காவோட மிச்சம் அத்தனையையும் அமுக்கி, முக்கியமான ஒரு ஆர்க்கையே தூக்கிட்டு, கடைசில படம் படமா ஸ்லைடு ஓட்டி முடிச்சாங்க. அங்க இழுத்து கெடுத்தாங்க, இங்க அமுக்கி கெடுத்தாங்க.

பொண்ணுங்க விஷயத்துல நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஸ்கூல் படிக்கிற பொண்ணு மேல கேமரா போற விதம் பல சீரிஸ்ல கேவலமா இருக்கும், கதைக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது, நல்ல எமோஷனல் சீன் நடுவுல கூட புகுத்துவாங்க. வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்க முடியாது. அது இல்லாத ஷோனென்லயும் (பசங்களுக்கான கதை) பொண்ண பாதில மறந்துருவாங்க, நருட்டோவோட தோழி சகுரா, ரெண்டாவது சீரிஸான ஷிப்புடென் ஆரம்பத்துல எதிரி சசோரிய ஜெயிக்கிறா, அப்புறம் நூத்துக்கணக்கான எபிசோட் அவளுக்குன்னு சொல்லிக்கிற மாதிரி ஒன்னும் பெருசா இல்ல. இது முடியாத காரியம் இல்லைங்கிறதுக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பிரதர்ஹுட் (2009, 64 எபிசோட்) இருக்கு. எழுதுனது ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோல மாட்டுப் பண்ணைல வளந்தவங்க. வின்ரி தன்னோட அப்பா அம்மாவ கொன்னவன் முன்னாடி துப்பாக்கியோட நிப்பா பாருங்க, கை நடுங்கும், சுட மாட்டா, கதை முழுக்க ஓடுற பழி வாங்குறதுங்கிற கேள்வி அந்த பொண்ணு கைலதான் வந்து நிக்கும். பெண்ணுன்னு தனியா காட்டல, கதைய அவ கைல குடுத்தாங்க, அவ்ளோதான். 64 எபிசோட்ல ஒரு முடிச்சு கூட அவிழாம விடல, ஆரம்பம் நடு முடிவு மூணும் உள்ள நீளமான சீரிஸ் வேணும்னா கண்ண மூடிட்டு இத சொல்லுவேன்.

செத்தவன் திரும்பி வர்றதும் உண்டு. டிராகன் பால்ல அது கதையோட விதியாவே இருக்கு, சரி. ஆனா நருட்டோல பெய்ன் ஆர்க், ஊரே மண்ணோட மண்ணா போய் நருட்டோவோட வாத்தியார் ககாஷி செத்து, கதை அதோட உச்சத்துல நிக்கும்போது, ஒரே ஜுட்சுல (நிஞ்சா வித்தை) எல்லாரையும் எழுப்பி விட்டாங்க. அந்த சாவுக்கு நான் விட்ட கண்ணீர் இப்ப எந்த கணக்குல வைக்கிறது? லாரி அடிச்சு செத்து வேற உலகத்துல பொறக்குற ஐசெகாய் பத்தி தனியா எழுத ஒன்னும் இல்ல, ரீ ஸீரோ மாதிரி சிலது தவிர மிச்சம் எல்லாம் ஒரே மாவு.

கடைசியா, நீங்க நருட்டோ 30 எபிசோட் பாத்துருக்கேன்னு சொன்னீங்க. அப்ப 19ஆவது எபிசோட திரும்ப ஒரு தடவ போடுங்க, அந்த பாலத்து மேல நடக்குறது. எதிரி சபூசா கை ரெண்டும் செயலிழந்து வாய்ல கத்திய கவ்விட்டு ஓடி முடிச்சு விழுந்து கெடப்பான், ககாஷிகிட்ட கேட்டு, தனக்காக செத்த பையன் ஹாக்கு பக்கத்துல தன்னை கொண்டு போய் படுக்க வைக்கச் சொல்லுவான். பனி விழும். ஹாக்கு கன்னத்துல விழுந்து உருகி, செத்தவன் அழுற மாதிரி ஓடும். அந்த பனி எவ்ளோ நேரம் விழுதுன்னு பாருங்க, கூட யாரும் விளக்கம் குடுக்காம எவ்ளோ நேரம் விடுறாங்கன்னு பாருங்க. புடிச்சா அப்புறம் ஃபிரீரன் முதல் எபிசோட், அப்புறம் பிரதர்ஹுட். நருட்டோவ தொடர்றதா இருந்தா 135ல நிறுத்திட்டு நேரா ஷிப்புடென் போங்க, நெட்ல பில்லர் லிஸ்ட் ஒன்ன பக்கத்துல வச்சிக்கோங்க, டிராகன் பாலுக்கு காய் பாருங்க, ஒன் பீஸ் மங்காவா படிங்க.